சுமைதாங்கி

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு)

எங்கள் ஊருக்குச் செல்பவர்கள் பேருந்தை விட்டு இறங்கி, மண் சாலையில் சற்றுத் தூரம் நடக்க வேண்டும். அந்தச் சாலையோரத்தில், வேப்பமரத்தின் நிழலில், பழைய சுமைதாங்கி ஒன்று நிற்கிறது. இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். கருவுற்ற நிலையில் உயிர்நீத்த பெண்ணின் நினைவாக இத்தகைய கற்களை நிறுவுவது நம் நாட்டு வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலேயே போனவளின் பெயரால், வழிப்போக்கரின் தலைச்சுமையை இறக்க ஓர் இடம்! நம் முன்னோரின் நெஞ்சத்து ஈரத்தை எண்ணி நான் வியந்ததுண்டு.

அக்கல்லை ஆள் உயரத்திற்கு அமைத்ததிலும் ஒரு நுட்பம் உண்டு. விறகுக் கட்டையோ கருப்பட்டிச் சிப்பத்தையோ தலையில் சுமந்து வருபவன் அதைத் தரையில் இறக்கிவிட்டால், மறுபடி தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். வெட்ட வெளியில் யார் வருவார்? சுமைதாங்கி இருந்தால் தலையைச் சற்றே சாய்த்துச் சுமையை அதன்மேல் நகர்த்தி விடலாம். களைப்பு நீங்கியபின் தானே தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். இன்று சுமைகளைச் சிற்றுந்துகள் ஏற்றிச் செல்கின்றன. சுமைதாங்கியின்மேல் காக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன.

நண்பர்களே! தலைச்சுமையை வண்டியில் ஏற்றிவிடலாம். நெஞ்சச் சுமையை எதில் ஏற்றுவது? ஏறத்தாழ நான்காண்டுகள் நான் ஒரு சுமையைச் சுமந்தேன். அது என்ன, எப்படி இறங்கியது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். என் சமயத்திற்கு ஆள் சேர்ப்பது என் நோக்கமன்று. எல்லாச் சமயத்தாரும், சமயமே வேண்டாம் என்பாரும் ஒன்றாக அமர்ந்து பயிலும் கல்லூரி நம்முடையது. எனக்கு நேர்ந்ததை நேர்ந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் எண்ணிப் பாருங்கள்.

நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது பள்ளியில் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். எங்கள் வகுப்பில் பணம் வசூலிக்கும் பொறுப்பை என் நண்பன் ஒருவன் ஏற்றிருந்தான். அவன் தந்தை இறந்துவிட்டார்; தாய் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காத்து வந்தார். கணக்கில் அவன் கெட்டிக்காரன். அதனால்தான் அவனுக்கு அந்தப் பொறுப்பு. வசூலித்த பணத்தைத் தன் ஜாமெட்ரி பெட்டியில் வைத்திருப்பான். ஒருநாள் விளையாட்டு வேளையில் எல்லாரும் மைதானத்திற்குப் போன பிறகு, மறந்துவிட்ட தண்ணீர்ப் புட்டியை எடுக்க நான் வகுப்பறைக்குத் திரும்பினேன். அவனுடைய பை திறந்து கிடந்தது. ஐந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக்கொண்டேன்.

எதற்காக எடுத்தேன்? பசியில்லை. வீட்டில் வறுமையும் இல்லை. கடைவீதியில் ஒரு கிரிக்கெட் மட்டையைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தேன் என்பது உண்மை. ஆனால் அந்த மட்டையை நான் கடைசிவரை வாங்கவேயில்லை. ஏது பணம் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது? பணத்தை என் வேதாகமத்தின் உறைக்குள் ஒளித்து வைத்தேன். எங்கள் வீட்டில் ஒருவர் வேதாகமத்தை மற்றவர் தொடமாட்டார்கள். ஆகவே அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை. அந்த வயதில் எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. இப்போது நினைத்தாலும் உடல் கூசுகிறது.

மறுநாள் கணக்குக் குறைந்தது. வகுப்பாசிரியர் எல்லாருடைய பைகளையும் சோதித்தார். எதுவும் அகப்படவில்லை. "பணம் உன்னிடம்தானே இருந்தது?" என்று நண்பனைப் பார்த்துக் கேட்டார். அந்த ஒரு கேள்வி போதுமானதாயிற்று. அவன்தான் எடுத்திருப்பான் என்ற பேச்சு அன்று மாலைக்குள் வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. அவனுடைய தாய் தம் கம்மலை அடகு வைத்து 2,500 ரூபாயைக் கட்டினார். அவன் சுற்றுலாவுக்கு வரவில்லை. நான் போனேன். பேருந்தில் பாட்டுப் பாடினேன். கன்னியாகுமரிக் கடலுக்கு முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் வகுப்போடு அவன் படிப்பை நிறுத்திவிட்டு இருசக்கர வாகனப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். என் களவுதான் அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. அவன் வீட்டு நிலைமை அப்படி. என் களவுக்கு அதில் பங்கே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதே ஆண்டில்தான் நான் திடப்படுத்தல் பெற்று, முதன்முறையாகத் திருவிருந்தில் பங்கேற்றேன். ஆலயத்தில் ஞாயிறுதோறும் அனைவரும் சேர்ந்து பொதுப் பாவ அறிக்கை செய்வோம். நானும் உரக்கச் சொல்வேன். எல்லாரும் ஒரே குரலில் பாவி என்று சொல்லும்போது எவருக்கும் வெட்கம் வருவதில்லை. பாவி என்று பொதுவாகச் சொல்வது எளிது. திருடன் என்று குறிப்பாகச் சொல்வதுதான் கடினம்.

வேதாகம உறைக்குள் கிடந்த பணம் என்னைத் தூங்கவிடவில்லை. பொய் சொன்னவனை அவன் நெஞ்சமே சுடும் என்றார் வள்ளுவர். சுடும் நெஞ்சைக் குளிர்விக்க நான் ஒரு வழி கண்டேன். வாரம் ஒரு தாளாக, ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பணம் முழுவதையும் காணிக்கைப் பையில் போட்டுவிட்டேன். கடவுளிடமே கொடுத்தாயிற்று, இனி எனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எண்ணினேன். லெந்து நாள்களில் உபவாசம் இருந்தேன். ஓய்வுநாள் பள்ளியில் சிறுவர்களுக்குக் கதை சொன்னேன். பெரியவர்கள் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் சுமையின்மேல் இன்னொரு கல்லை ஏற்றியது. பட்டறையின் முன்னால் போக நேர்ந்தால் சாலையின் மறுபக்கம் மாறி நடந்தேன்.

கல்லூரிக்கு வந்தபின் விடுதியில் எனக்கு ஓர் அறைத்தோழன் வாய்த்தான். கடவுள் நம்பிக்கை இல்லாதவன்; ஆனால் நேர்மையில் எங்கள் அறையிலேயே அவன்தான் முதல்வன். ஓரிரவு மின்சாரம் நின்றுபோன வேளையில், வேறு யாருக்கோ நடந்தது போல அவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். இறைவன் மன்னிப்பார் என்ற கொள்கையைப் பற்றியும் பேசினேன். அவன் இருட்டிலேயே கேட்டான்: "திருடினது ஒருத்தன். மன்னிக்கிறது சாமி. நடுவுல அடிபட்டவன் எங்கே போனான்? அதுவும் யார் பணத்தை யாருக்குக் காணிக்கையாப் போட்டான் உன் ஆளு?"

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டவன் நான். நம்பிக்கையற்ற ஒருவனின் இரண்டு கேள்விகள் அவற்றைவிட ஆழமாக என்னைத் துளைத்தன.

அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கிய காலத்தில்தான், இரண்டாம் ஆண்டுத் தமிழ் வகுப்பில் எங்களுக்கு இரட்சணிய யாத்திரிகம் வந்தது. நம் மாணவர்களுக்கு அந்நூலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அதை இயற்றிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1827இல் நெல்லையை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறித் திளைத்தவர். தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858இல் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவரானார். ஆங்கில நாட்டில் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயண உருவகக் கதையைத் தழுவி அவர் பாடிய பெருங்காப்பியம் 1894இல் நூலாக வெளிவந்தது. 1900இல் அவர் மறைந்தார். கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது.

மூலநூலாசிரியரான பனியன் கற்றறிந்த பெரும் புலவர் அல்லர். பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்க்கும் தொழிலாளி. அரசின் அனுமதியின்றிச் சமயச் சொற்பொழிவு ஆற்றினார் என்பதற்காகப் பெட்ஃபோர்டு நகரச் சிறையில் 12 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர். அவருடைய கதையின் நாயகன் முதுகில் பெருஞ்சுமையோடு அழிவின் நகரத்தை விட்டு விண்ணக நகரை நோக்கிப் புறப்படுகிறான். அச்சுமை அவனுடைய பாவம். வழியில் சிலுவை நிற்கும் மேட்டை அவன் அடைந்ததும், எவரும் தொடாமலே சுமை அவிழ்ந்து உருண்டு கீழேயுள்ள கல்லறைக்குள் விழுந்து மறைகிறது.

எங்களுக்கு இந்நூலை நடத்திய தமிழ்ப் பேராசிரியர் நெற்றியில் திருமண் துலங்க வகுப்புக்கு வருபவர். வைணவராக இருந்து கிறித்தவரான ஒருவரின் காவியத்தை ஒரு வைணவரே உருகி உருகி நடத்தியது எனக்கு மறக்க முடியாத காட்சி. கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்: "சுமை எப்போது விழுகிறது, தம்பிகளா? பயணத்தின் முடிவிலா?" நாங்கள் விழித்தோம். "இல்லை. பயணம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே விழுந்துவிடுகிறது. ஏற வேண்டிய குன்றும், இறங்க வேண்டிய பள்ளத்தாக்கும், போரிட வேண்டிய பகையும் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நன்றாக நடந்து முடித்தவனுக்குப் பரிசாகச் சுமை இறங்கவில்லை. நடப்பதற்காகவே இறங்கியது" என்றார்.

பிறகு அவர் தம் சமய மரபிலிருந்தே ஓர் உவமையை எடுத்து விளக்கினார். குரங்குக் குட்டி தானே தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி நழுவினால் விழுந்துவிடும். பூனைக் குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாயே அதைக் கவ்வித் தூக்கிச் செல்கிறது. இறைவனின் அருள் எவ்வாறு உயிர்களைக் காக்கிறது என்பதற்கு வடகலையார் குரங்கையும், தென்கலையார் பூனையையும் எடுத்துக் காட்டுவர் என்றார். "கிருஷ்ண பிள்ளை இந்த வாதங்களையெல்லாம் கேட்டு வளர்ந்தவர். அருள் என்ற சொல் அவருக்குப் புதிது அன்று" என்று முடித்தார்.

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து போனார்கள். நான் எழவில்லை. மூன்றரை ஆண்டுகளாக நான் குரங்குக் குட்டியாகவே தொங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. காணிக்கை, உபவாசம், ஓய்வுநாள் பள்ளி எல்லாம் என் பிடிகள். சுமையை இறக்க விரும்பினேன். ஆனால் அதை யாரும் பார்க்காமல் இறக்க விரும்பினேன். இறைவனுக்கு நான் கொடுத்தது காணிக்கை அன்று. வாய் திறக்காமல் இருப்பதற்கான கையூட்டு.

அன்றிரவு முதல் நான் வேதாகமத்தை வேறு கண்ணோடு படித்தேன். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் பாவத்தைக் குறிக்கும் சொல்லுக்குக் குறி தவறுதல் என்பது அடிப்படைப் பொருள். எய்த அம்பு இலக்கைத் தவறவிடுவது போன்றது. ஆனால் தவறிய அம்பு வெட்டவெளியில் விழுவதில்லையே! அது வேறு யார் மேலாவது போய்த் தைக்கிறது. என் அம்பு தைத்த இடம் எனக்குத் தெரியும்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் சகேயு என்னும் வரி வசூலிப்பவனின் கதை இருக்கிறது. ஏமாற்றிப் பணம் சேர்த்தவன், குள்ளன், இயேசுவைக் காண மரத்தில் ஏறி அமர்ந்தவன். சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் நாங்கள் நடித்துக் காட்டிய கதைதான். அதில் நான் கவனிக்காத ஒன்று இருந்தது. சகேயு திருந்தியபின் இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டில் தங்கப் போவதாகச் சொல்கிறார். அதன் பிறகுதான் சகேயு எழுந்து, தான் ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். அருள் முதலில் வருகிறது. கணக்குத் தீர்ப்பது அதன் பின்னால் வருகிறது. ஆனால் வந்தே தீர்கிறது.

மலைப் பிரசங்கத்திலும் என் அறைத்தோழனின் கேள்விக்கு விடை இருந்தது. பீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவனுக்குத் தன்மேல் ஒருவனுக்குக் குறை உண்டு என்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்பது இயேசுவின் போதனை. இறைவன் என் காணிக்கையைப் பெற்றுக்கொண்டு நண்பனை மறந்துவிடுபவர் அல்லர். நான்தான் அவரை அப்படிப்பட்டவராக எண்ணிக்கொண்டிருந்தேன். அடிபட்டவன் எங்கே என்று என் தோழன் கேட்டதற்கு முன்பே, அவர் கேட்டிருக்கிறார்.

நூலகத்தில் அகுஸ்தீனின் வாழ்க்கையையும் படித்தேன். வட ஆப்பிரிக்காவின் தாகஸ்தே என்ற ஊரில் 354இல் பிறந்தவர் அவர். பதினாறு வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியதையும், அவற்றைத் தின்னக்கூட விரும்பாமல் பன்றிகளுக்கு எறிந்ததையும் தம் அறிக்கைகள் என்னும் நூலில் எழுதியிருக்கிறார். புகழ்பெற்ற ஆயராக இருந்தவர், இளமையில் செய்த அந்தச் சின்னத் திருட்டை ஏன் அவ்வளவு விரிவாக ஆராய்கிறார்? பசியால் திருடியவனுக்குப் பசி ஒரு காரணம். காரணமே இல்லாமல் திருடியவன் தன் உள்ளத்தையே பார்க்க நேரிடுகிறது. வாங்காத கிரிக்கெட் மட்டை என் நினைவுக்கு வந்தது. பாவம் என்பது தெரியாமல் இடறி விழும் ஒரு கல் மட்டும் அன்று. நம்மை நடத்திச் செல்லும் ஓர் எசமான். அவனிடமிருந்து விடுபடுவதைத்தான் விடுதலை என்கிறோம்.

வரலாற்று மாணவன் என்ற முறையில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அடிமை வாணிகக் கப்பலில் பணியாற்றிய ஜான் நியூட்டன், 1748இல் கடும் புயலில் சிக்கியபோது இறைவனை நோக்கிக் கதறினார். அவருடைய மனமாற்றத்தின் தொடக்கம் அது. ஆனால் அதன் பிறகும் அவர் அடிமைக் கப்பல்களின் தலைவராகக் கடலோடினார். 1754இல்தான் கடல் தொழிலை விட்டார். பின்னர்க் குருவானவராகி, அமேசிங் கிரேஸ் என்ற உலகப் புகழ்பெற்ற பாடலை இயற்றினார். அந்த வாணிகத்தின் கொடுமையையும் அதில் தம் பங்கையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அவர் நூல் வெளியிட்டது 1788இல். அடிமை வாணிகத்தைத் தடை செய்து 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் அவர் காலமானார். கப்பலை விட்டு இறங்கி 34 ஆண்டுகள் கழித்தே அவரால் முழு உண்மையையும் ஊரறியச் சொல்ல முடிந்தது. அருள் ஒரே நாளில் வரலாம். அது நாக்குவரை வந்து சேர நாளாகிறது. எனக்கு அவ்வளவு நாள் இல்லை என்று தோன்றியது.

லேவியராகமத்தில், திருடியதைத் திருப்பிக் கொடுப்பவன் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அப்படியானால் நான் கொடுக்க வேண்டியது 3,000 ரூபாய். வீட்டில் கேட்கக்கூடாது என்று உறுதி செய்தேன். கார்த்திகை முகூர்த்த நாள்களில் திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போனேன். நாளுக்கு 400 ரூபாய். எட்டு நாள் சாம்பார் வாளியைத் தூக்கியதில் பணம் சேர்ந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்குப் போனதும் நேரே பட்டறைக்குச் சென்றேன். அவன் ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்னல, இந்தப் பக்கம்?" என்றான்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அழகான சொற்கள் ஒன்றுகூட வரவில்லை. நான்தான் எடுத்தேன் என்பதை மட்டும் மூன்று முறை சொன்னேன்.

அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். பழந்துணியால் விரல் விரலாகக் கரியைத் துடைத்தான். அடிப்பான் என்று எண்ணினேன். அடித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "எங்கிட்டச் சொல்லி என்னல ஆகப் போவுது? அம்மாதான் இன்னும் நான் எடுத்தேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. அவகிட்டப் போய்ச் சொல்லு" என்றான். மீண்டும் சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் தாய் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "வாய்யா, காலேஜ் எல்லாம் லீவா?" என்று கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் விரல்கள் இலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. முடித்தபின் நின்றுவிட்டன. 3,000 ரூபாயை முறத்தின் ஓரத்தில் வைத்தேன்.

வெகு நேரம் கழித்து அவர் பேசினார்: "பணம் போச்சு. கம்மலும் மூழ்கிப் போச்சு. அது போகட்டும்யா. அன்னைக்கு ராத்திரி இந்தக் கையாலதான் அவனை அடிச்சேன். சத்தியமா எடுக்கலம்மான்னு அழுதான். நான் நம்பலை. பெத்த பிள்ளைய நம்பலை. அதை யாருய்யா திருப்பித் தருவா?"

அவர் என்னைத் திட்டவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. "சரி, போய்ட்டு வா" என்றார். நான் வாசலைக் கடக்கும்போது அவர் மகனைக் கைப்பேசியில் அழைத்து, மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடும்படி சொல்வது காதில் விழுந்தது. வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரல் நடுங்கியது.

திரும்பி வரும் வழியில் சுமைதாங்கியின் அடியில் உட்கார்ந்தேன். 2,500 ரூபாய்க்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கணக்குப் போட்டவனுக்கு, ஓர் அன்னையின் கை தன் மகன்மேல் விழுந்ததற்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. நான்கு மடங்கு கொடுத்தாலும், நாற்பது மடங்கு கொடுத்தாலும் அந்த இரவு திரும்பி வராது. மனிதன் செய்யும் பாவத்தில் அவனால் திருப்பித் தரக்கூடிய பகுதி ஒன்று. எத்தனை பிறவி எடுத்தாலும் தர முடியாத பகுதி மற்றொன்று. முதல் பகுதியை இறைவன் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். இரண்டாம் பகுதியைத் தன் தலையிலேயே சுமக்க முயல்வதோ வீண் முயற்சி. அந்த இரண்டாம் பகுதிக்காகத்தான் சிலுவை நிற்கிறது என்பதை, பிறந்ததுமுதல் கிறித்தவனாக இருந்த நான் அன்றுதான் அறிந்தேன்.

குற்றமற்ற ஒருவன் மற்றவர் குற்றத்தைச் சுமந்து அடிபட்டான் என்பதுதானே சிலுவையின் செய்தி? அதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். ஆனால் குற்றமற்ற ஒருவன் என் குற்றத்துக்காக அடிபட்டதை அந்தத் திண்ணையில் கேட்டபோதுதான் அதன் பொருள் விளங்கியது. அங்கே, அந்த வேப்பமரத்தின் கீழ், நான் சொல் அலங்காரம் எதுவுமின்றி இறைவனிடம் பேசினேன். என்னால் திருப்பித் தர முடியாததை நீர் ஏற்றுக்கொள்ளும் என்று கேட்டேன். ஒளி தோன்றவில்லை, குரல் கேட்கவில்லை. வேப்பம் சருகுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. ஆனால் எழுந்து நடந்தபோது, சாலையின் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. பட்டறை இருக்கும் பக்கமாகவே நடந்தேன்.

சுமைதாங்கிக்கும் சிலுவைக்கும் உள்ள வேற்றுமையையும் அன்று எண்ணினேன். சுமைதாங்கி களைப்பை ஆற்றும். ஆனால் அவன் சுமை அவனுக்காகவே காத்திருக்கும். மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். காணிக்கையும் உபவாசமும் எனக்குச் சுமைதாங்கிகளாகவே இருந்தன. சிலுவையடியில் விழுந்த சுமையோ திரும்பி வருவதில்லை.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனபோது நண்பன் ஒன்றே ஒன்று கேட்டான்: "கிளாஸ் பசங்க எல்லார்கிட்டயும் சொல்லுவியால?" எங்கள் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அன்று பணத்தை எடுத்தவன் நான், அவன் குற்றமற்றவன் என்று அவன் கண்ணெதிரே எழுதி அனுப்பினேன். வகுப்பாசிரியரின் வீட்டுக்கும் சென்று சொன்னேன். சிலர் என்னைத் திட்டினார்கள். சிலர் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் அவனை அழைத்து வருத்தம் தெரிவித்தார்கள். எல்லாவற்றையும் என்னால் தாங்க முடிந்தது. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவனை எதைக் காட்டி அச்சுறுத்த முடியும்? இதைத்தான் விடுதலை என்று நான் சொல்கிறேன். என்னைப் பற்றி எல்லாரும் நல்லவிதமாக எண்ண வேண்டும் என்ற அடிமைத்தனம் அன்று ஒழிந்தது.

அவனும் நானும் பழைய நண்பர்களாகிவிட்டோம் என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய்யாகும். பார்த்தால் பேசுகிறான், அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. இறைவன் மன்னித்துவிட்டார், நீ ஏன் மன்னிக்கக்கூடாது என்று அவனை நெருக்குவது இரண்டாவது திருட்டு ஆகும். கம்மலின் விலைக்காக, முகூர்த்த நாள்களில் இன்றும் பந்தி பரிமாறப் போகிறேன். சேர்ந்ததைக் கொண்டுபோய் அந்தத் திண்ணையில் வைக்கிறேன். இப்போது அது காணிக்கையும் அன்று, கையூட்டும் அன்று, கடன். கடனைச் செலுத்துபவன் தலைநிமிர்ந்து நடக்கிறான்.

விடுதிக்குத் திரும்பியதும், அந்தக் கதையில் வந்த ஆள் நானேதான் என்று அறைத்தோழனிடம் சொன்னேன். "அன்னைக்கே தெரியும். இல்லேன்னா இருட்டுல ஏன் குரல் அப்படிக் கம்மிச்சு?" என்றான். சற்றுப் பொறுத்து, "சாமி விஷயத்துல நான் மாறல. ஆனா அந்தத் திண்ணைக்குப் போனே பாரு, அது எனக்குப் புரியுது" என்றான். அவனுடைய கேள்வி இல்லாவிடில் நான் போயிருக்கமாட்டேன். இறைவன் யார் வாயால் பேசுவார் என்பதை யார் அறிவார்?

அன்புத் தோழர்களே! நம்மில் ஒவ்வொருவருக்கும் சாலையின் மறுபக்கம் மாறி நடக்க வைக்கும் ஒரு வாசல் இருக்கக்கூடும். பிறர் விடையைப் பார்த்து எழுதிய தேர்வாக இருக்கலாம். தந்தையிடம் சொன்ன பொய்யாக இருக்கலாம். ஒரு பெண்ணைப் பற்றிப் பரப்பிய வதந்தியாக இருக்கலாம். எந்தச் சமயத்தில் நின்று அந்தச் சுமையை இறக்குவது என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. நான் இயேசு கிறிஸ்துவின் சிலுவையடியில் இறக்கினேன். அதை மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் எங்கே இறக்கினாலும், அந்த வாசலுக்கு ஒருமுறை நடந்து போகத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். இந்த மலரின் ஒரு படியை அந்தப் பட்டறையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். "பேரு போடாம எழுதுல" என்று அவன் சொன்னதால், அவன் பெயரை எங்கும் எழுதவில்லை.